களத்துக்கு ரூபாய்க்கு ஓர் அணா

விருதுநகர் ஜில்லாவில் கரிசல் நிலத்தில் மானாவாரிச் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு மழை பொய்த்தாலும் நஷ்டம், மிகுந்தாலும் நஷ்டம் என்பது புதிய செய்தியன்று. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழையே இங்கு கிடைக்கிறது. அதிற் பாதியளவு வடகிழக்குப் பருவக் காற்றினால் வருவது. புரட்டாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நமக்கு, அம்மழை பிந்தினால் முளைப்புக் கெடும். இடையில் நின்றுவிட்டால் கதிர் பொக்காகும். இவ்விரண்டு ஆபத்துக்களைப் பற்றியும் சர்க்கார் பலகாலமாகக் கவலை கொண்டு வந்திருக்கின்றனர். மூன்றாவது ஆபத்து ஒன்று உண்டு. பயிர் நன்றாக விளைந்து, அறுத்துக் களத்தில் குவித்த பிறகு, தை மாதத்தில் நான்கு நாள் அடைமழை பெய்தால் வருவது அது. அதைப் பற்றி எந்தத் திட்டமும் போதிய கவலை கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். பல வருஷங்களாகக் கிராமங்களில் வயலிலும் களத்திலும் நின்று செய்து காட்டும் உத்தியோகம் பார்ப்பவன் என்ற முறையில், அதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இவ்விஷயத்தில் சர்க்கார் செய்துவரும் செலவு இன்னதென்று அறிந்துகொள்ளுதல் அவசியம். 2016ஆம் ஆண்டு கரீப் பருவம் முதல் நடந்துவரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்து ஆகியவற்றுக்குக் குடியானவர் செலுத்தவேண்டிய பிரீமியம் கரீப் பருவத்தில் காப்புத் தொகையில் நூற்றுக்கு 2. ரபி பருவத்தில் நூற்றுக்கு ஒன்றரை. பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் நூற்றுக்கு 5. ஆனால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கேட்கும் முழுப் பிரீமியம் பெரும்பாலும் இதனினும் பன்மடங்காகும். மிச்சத்தை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் பகிர்ந்து கட்டுகின்றன. ஓர் உதாரணம் கொள்வோம். ஏக்கருக்குக் காப்புத் தொகை 20,000 ரூபாய் என்றும், கம்பெனியின் விகிதம் நூற்றுக்கு 15 என்றும் வைத்துக்கொண்டால், மொத்தப் பிரீமியம் 3,000 ரூபாய். அதில் ரபி பருவத்துக் குடியானவர் தருவது 300 ரூபாய். சர்க்கார்கள் தருவது 2,700 ரூபாய். இந்த 2,700 என்ற தொகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. பின்னால் அது வேண்டியிருக்கிறது.

இது தவிர, இயற்கைச் சேதத்தால் நூற்றுக்கு 33 பாகமோ அதற்கு மேலோ பயிர் அழிந்தால் பேரிடர் நிதியிலிருந்து நிவாரணம் தரப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில் அது மானாவாரிக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 8,500 ரூபாய் என்றும், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைப்புழு முதன்முதலாக நம் மக்காச்சோளத்தில் பரவிக் குருத்தைத் தின்று தீர்த்தபோதும், மாநில சர்க்கார் அடுத்த ஆண்டில் தனியாக நிவாரணம் அறிவித்தனர். இவையெல்லாம் நல்ல காரியங்களே. கைவிடப்பட்டோம் என்று எண்ணிய வேளையில் வந்த பணத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் இவை யாவும் நிலத்தில் நிற்கும் பயிரைப் பார்ப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டில் விளைச்சலை அளப்பது வருவாய்க் கிராமத்திலோ பிர்க்காவிலோ சில வயல்களைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டு. அதாவது, அளவுகோல் பயிரைப் பிடுங்கும் நாளோடு நின்றுவிடுகிறது. அறுவடைக்குப் பின் நேரும் சேதத்துக்கும் ஒரு விதி இருக்கிறது என்பது உண்மையே. அறுத்து வயலிலேயே காயப் பரப்பிய பயிர், அல்லது சிறு கட்டுகளாகக் கட்டி வயலில் வைத்த பயிர், அறுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் புயலாலோ, புயல் மழையாலோ, பருவந்தவறிய மழையாலோ, கல்மாரியாலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஈடு கேட்கலாம். ஆனால் வயலை விட்டு ரோட்டோரத்துக்கோ ஊர்க் களத்துக்கோ கொண்டுவந்து குவித்த கதிருக்கு இவ்விதியில் இடமில்லை. வயலில் ஈரம் நிற்பதனால்தானே மேட்டுக்குக் கொண்டுவருகிறோம்? புத்தியாகச் செய்த காரியமே ஈட்டை இழக்கச் செய்கிறது.

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தைத் தென் ஜில்லாக் குடியானவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பனி பெய்யவேண்டிய மார்கழிக் கடைசியிலும் பொங்கலை ஒட்டியும் விட்டு விட்டு மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து முளைத்தது. உளுந்து நெற்றிலேயே முளைத்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்த ஓர் அம்மாளின் வயலைப் பயிர் நிற்கும்போது பார்த்து நானே மெச்சியிருந்தேன். படைப்புழுவுக்குத் தப்பி, கதிர் நுனிவரை மணி பிடித்திருந்தது. பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னர் அவர் கதிரை ஒடித்து, வயலில் கால் வைக்க முடியாதபடி ஈரமாயிருந்ததால், ஊருக்கு வெளியே தார் ரோட்டின் ஓரத்தில் குவித்தார். மூடுவதற்கு இருந்தவை இரண்டு பழைய படுதாக்கள். அவை பாதிக் குவியலுக்குத்தான் எட்டின. மழை விட்டுப் பிரித்துப் பார்த்தபோது அடியிலிருந்த கதிர்கள் சூடேறி முளைவிட்டிருந்தன. நடுவிலிருந்தவற்றின் மேல் பச்சையும் சாம்பலும் கலந்த பூசணம் படிந்திருந்தது. அந்தப் பிர்க்காவில் பரிசோதனை வயல்களை மழைக்கு முன்பே அறுத்து எடை போட்டாகிவிட்டது, விளைச்சல் குறைவில்லை. ஆகவே அவருக்கு ஈடும் இல்லை. “ஐயா, பணம் கட்டச் சொல்லி வீட்டுக்கே வந்தீர்களே, இதற்கு ஆகாதென்றால் அது எதற்கு?” என்று அவர் கேட்டார். நான் சொன்ன விடை விதிப்படி சரியானது; அவருக்கு ஒன்றுக்கும் உதவாதது. பிரீமியம் கட்டும் கடைசித் தேதியை அவருக்கு நாலு தடவை நான் ஞாபகப்படுத்தியிருந்தேன். குவியலை மூடத் தார்ப்பாய் இருக்கிறதா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

நஷ்டம் இத்துடன் நின்றிருந்தால் இதனை ஒரு குடும்பத்தின் கஷ்டமாக மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். மேலாக இருந்த நல்ல கதிரை வியாபாரி விலை குறைத்துக் கோழித் தீவனத்துக்கென்று எடுத்துக்கொண்டார். அவர் கழித்துப் போட்டது வீட்டிலேயே தங்கிவிட்டது. எறிய மனம் வருமா? காயவைத்து, தேய்த்து, புடைத்து, கோழிக்கும் ஆட்டுக்கும் பசுமாட்டுக்கும் போட்டார்கள். மக்காச்சோளத்தில் மட்டுமல்ல, நிலக்கடலையிலும் வற்றலிலும் சோளத்திலும் இதுவே நம் வழக்கம். நிறம் வெளுத்து விலை போகாத வற்றல் வீட்டு அம்மிக்கு; நெற்று கறுத்த கடலை வீட்டுச் சட்னிக்கு. விற்பது முதல் தரம், தின்பது கழிவு.

இக்கழிவில் உள்ள ஆபத்தை நம் பெரியவர்கள் முழுதும் அறிந்திருக்கவில்லை. அறிய வழியும் இல்லை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மாண்டன. அவை தின்ற தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான், ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் சுரக்கும் அப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு வெளிப்பட்டது. அது கல்லீரலைத் தாக்குவது. நாட்பட உண்டால் கல்லீரலில் புற்று உண்டாக்குவது. சமையல் சூட்டுக்கு அது அழிவதில்லை. பூசணத்தைத் தேய்த்துத் துடைத்தாலும் மணிக்குள் இறங்கிய நஞ்சு போவதில்லை. கறவை மாடு தின்றால் ஒரு பகுதி பாலிலும் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசும் ஜில்லாவில், பாலின் சுத்தம் மாட்டுத் தொட்டியிலேயே தொடங்குகிறது என்பதையும் பேச வேண்டாமா? 1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் ஜில்லாக்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மலைவாசிக் குடியானவர்களுள் 397 பேர் காமாலை கண்டு, 106 பேர் இறந்தனர். அதே தானியத்தைத் தின்ற நாய்களும் இறந்தன. 2004இல் ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் இவ்விதமே 125 பேர் மாண்டனர். இறந்தவர்கள் யாரும் கடையில் வாங்கித் தின்றே இறந்தவர்களென்று கொள்ளலாகாது. பெரும்பாலோர் தங்கள் நிலத்தில் தாங்களே விளைவித்ததைத் தின்றவர்கள்.

இனி, உணவின் சுத்தத்துக்காகச் சர்க்கார் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. அதன்கீழ் வகுத்த விதிகளின்படி தானியத்திலும் பயறிலும் கிலோ ஒன்றுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் அப்ளாடாக்ஸின் இருத்தல் கூடாது. ஒரு டன் தானியத்தில் 15 மில்லிகிராம். நகக்கணுவில் ஒட்டும் அளவுகூட இல்லை. இவ்வளவு நுட்பமான அளவை வகுத்த அச்சட்டம், விவசாயிக்கும் அவர் செய்யும் விவசாய வேலைகளுக்கும் தான் பொருந்தாது என்று தன் 18ஆம் பிரிவில் சொல்கிறது. அது நியாயமே. குடியானவரின் களத்துக்கு இன்ஸ்பெக்டரை அனுப்பி அபராதம் போடுவதை நான் ஒருநாளும் சிபார்சு செய்யமாட்டேன். ஆனால் அதன் பலன் என்ன? சட்டம் களத்துக்கு வராததால், சட்டத்தைச் சார்ந்த பணமும் களத்துக்கு வருவதில்லை. பரிசோதனைச் சாலைக்கும், மாதிரி எடுக்கும் உத்தியோகஸ்தருக்கும், கடைக்கும் ஆலைக்குமே அது போகிறது. காப்பீடு வயலோடு முடிகிறது. சட்டம் கடையில் தொடங்குகிறது. நடுவே இரண்டு, மூன்று வாரம் தானியம் கிடக்கும் களத்துக்கு எஜமானர் யாரும் இல்லை. ஒரு பக்கம் எங்கள் இலாகா, மறுபக்கம் உணவுப் பாதுகாப்பு இலாகா. பூசணம் முளைப்பதோ இரண்டுக்கும் நடுவில்.

சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு ஒரு வெட்கம் உண்டாகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் இங்கே தொடங்கினார்கள். அது நிலைத்துப் பெருகி, பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்ததற்கு இவ்வூரின் வறண்ட காற்றும் வெயிலும் முக்கிய காரணம் என்பர். பட்டாசு ஆலைகளில் திறந்த வெளியில் உலர்த்து மேடைகளைக் காணலாம். எதை எங்கே காயவைப்பது, மேகம் திரண்டால் எப்படி உள்ளே எடுப்பது என்பதற்கெல்லாம் அங்கே ஒழுங்கு உண்டு. ஏனெனில் ஈரமான மருந்து சரக்காகாது, ஒழுங்குதவறினால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் கிராமத்தில், மனிதர் உண்ணும் தானியம் தார் ரோட்டில் லாரிச் சக்கரத்தின்கீழ்க் காய்கிறது. வெடிக்கும் பண்டத்துக்குச் சிமெண்டு மேடை இருக்கும் ஊரில் உண்ணும் பண்டத்துக்கு இல்லை. ரோட்டில் காயும் தானியத்தில் கல்லும் எண்ணெயும் தாரும் சேர்வது ஒருபுறமிருக்க, இரவில் குவியலின்மேல் ஏறி விழும் இரு சக்கர வண்டிக்காரர்களின் கதி வேறு.

பட்டாசு ஆலையின் செல்வாக்கு இன்னொரு விதத்திலும் களத்தைத் தொடுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் விடியுமுன் வேன்கள் வந்து ஆண் பெண் இருபாலாரையும் ஆலைக்கு ஏற்றிச் செல்கின்றன. நாளும் கூலி கிடைக்கும் வேலையை விட்டுக் களை வெட்டவும் கதிர் ஒடிக்கவும் வா என்று யாரைக் கூப்பிட முடியும்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மழையற்ற ஆண்டில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது அந்தக் கூலிதான். ஆனால் ஆள் கிடைக்காத காரணத்தால் முற்றிய பயிர் வயலில் பத்து நாள் கூடுதலாக நிற்கிறது. ஒடித்த கதிர் உரிக்க ஆளில்லாமல் குவியலாகக் கிடக்கிறது. பூசணத்துக்கு வேண்டியது அந்தப் பத்து நாட்களே. தவிரவும், ஆலையும் வயலும் ஒரே சமயத்தில் கைவிடும் ஆண்டும் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றித் தீர்ப்பளித்ததை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. மேலே சொன்ன படைப்புழு மக்காச்சோளத்தை அழித்ததும் அதே பருவத்தில்தான். அந்த ஆண்டில் வீட்டிலிருந்த கழிவுத் தானியத்தைக் கீழே கொட்டச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

“காயவைத்து விற்றால் போயிற்று, இதற்குச் சர்க்கார் பணம் எதற்கு?” என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நூற்றுக்கு 18 பங்கு ஈரமுள்ள மக்காச்சோளம் 100 கிலோவை 12 பங்கு ஈரத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 93 கிலோ. ஏழு கிலோ ஆவியாய்ப் போகிறது. அதோடு இரண்டு மூன்று நாள் துழாவி வாரிக் கொட்டும் கூலி. வியாபாரி ஈரத்துக்கும் உலர்ச்சிக்கும் ஒரே விலை தருவாராயின், காயவைத்தவர் முட்டாள். ஈரத்தோடு விற்றவர் சமர்த்தர். தீவன ஆலைகளில் ஈரமும் நஞ்சும் அளந்து விலையைக் குறைக்கிறார்கள். ஆனால் அந்த அளவு ஆலை வாசலில் நடக்கிறது, குடியானவரின் கண்ணெதிரில் அல்ல. ஊருக்கு வரும் வியாபாரி பல்லால் கடித்துப் பார்த்து ஒரு விலை சொல்வார். குறைப்புக்கு இடம் வைத்தே சொல்வார். நன்றாகக் காயவைத்தவரும் அந்தக் குறைப்பைச் சுமக்கிறார். நிலக்கடலையில் இன்னொரு கேடு உண்டு. உடைக்கும்போது பருப்பு நொறுங்காதிருக்கக் காய்ந்த காயின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் வெயிலில் எட்டுப் பங்கு ஈரத்துக்குக் காய்ந்த சரக்கு, ஒரு குடம் நீரில் மறுபடி பூசணத்துக்கு விருந்தாகிறது.

இவ்விடத்தில் பழைய சரித்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னர், இந்திய சர்க்கார் 1878இல் பஞ்ச இன்ஷ்யூரன்ஸ் மானியம் என்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்க ஏற்பாடு செய்தனர். இன்ஷ்யூரன்ஸ் என்று பெயரே தவிர, அதில் கம்பெனியும் இல்லை, பிரீமியமும் இல்லை. பஞ்சம் வந்தபின் கொடுப்பதற்கு மட்டுமன்றி, வருமுன் கால்வாயும் ரெயில் பாதையும் போடுவதற்கும் பணம் எடுத்து வைத்தல் என்பதே அச்சொல்லின் பொருள். அப்பணம் சில ஆண்டுகளில் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது என்ற பழியும் அந்த சர்க்காரின் மேல் உண்டு. எனினும் கருத்து சரியானது. பின்னர் 1920இல் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி மழையின் அளவைக் கொண்டு பயிர் இன்ஷ்யூரன்ஸ் செய்யலாம் என்று புத்தகம் எழுதினார். அந்த வழியில் யோசனைகள் வளர்ந்து, 1985, 1999 ஆண்டுகளின் திட்டங்களைக் கடந்து இன்றைய திட்டத்தில் வந்து நிற்கிறோம். இந்த நூறு ஆண்டுகளில் ஈடு கொடுக்கும் வித்தை வளர்ந்தது; வருமுன் காக்கும் பங்கு இன்ஷ்யூரன்ஸ் என்ற சொல்லிலிருந்தே விழுந்துவிட்டது.

ஆகவே என் யோசனை இது. குடியானவருக்காகச் சர்க்கார்கள் கட்டும் பிரீமியத் தொகையை ஒட்டி, அதனைக் குறைக்காமல், ரூபாய்க்கு ஓர் அணா வீதம், அதாவது இன்றைய கணக்கில் ஆறேகால் காசு, அந்தந்தக் கிராமத்தின் களத்துக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். முன் சொன்ன 2,700 ரூபாய்க்கு அது 168 ரூபாய் 75 காசு. நானூறு ஏக்கர் காப்பீடு செய்த கிராமத்துக்கு ஆண்டுக்கு 67,500 ரூபாய். மூன்றாண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல். முதலாண்டிலேயே மாய்ஸ்சர் மீட்டர் என்னும் ஈரமானி ஒன்றும், வாடகையின்றி எடுத்துக்கொள்ளத் தார்ப்பாய்களும் வாங்கலாம். அடுத்த ஆண்டுகளில் சிமெண்டுக் களத்துக்கும், அதன் ஓரத்தில் மூட்டைகளை நிலத்தில் படாமல் அடுக்க ஒரு கொட்டகைக்கும் பணம் சேரும். 2020இல் ஏற்பட்ட விவசாய உள்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு நூற்றுக்கு 3 வட்டித் தள்ளுபடி உண்டு; அது சங்கங்களுக்கும் பெரிய கிட்டங்கி கட்டுவோருக்கும் நல்லது. மூன்று ஏக்கர்க்காரருக்கு வேண்டியது கடன் அல்ல, மழை வரும் நாளில் கைக்கெட்டும் ஒரு தார்ப்பாய். பூசணம் குறைந்தால் நிவாரணச் செலவு உடனே குறைந்துவிடும் என்று நான் சொல்லத் துணியவில்லை. குறையக்கூடியது குடும்பத்தின் நஷ்டமும் அதன் நோயும். அவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

களம் கட்டினால் மட்டும் போதுமா என்ற ஆட்சேபணை நியாயமானது; அதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஊரக வேலைத் திட்டத்திலும் வேறு திட்டங்களிலும் முன்னர் கட்டிய உலர்களங்கள் பல கிராமங்களில் உண்டு. சிலவற்றில் அறுவடைக் காலத்தில் கல்யாணப் பந்தல் நிற்கிறது. சிலவற்றில் டிராக்டர் நிற்கிறது. சில, ஊருக்கும் வயலுக்கும் எட்டாத மூலையில், புறம்போக்கு கிடைத்த இடத்தில் கட்டப்பட்டு ஆடு மேய்ப்பவர்களுக்கு நிழலில்லாத திண்ணையாக இருக்கின்றன. களத்தை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்று எழுதி வைக்கும் ஆள் இல்லாததே குறை. அந்த அணாவில் ஒரு சிறு பங்கு, களத்தைப் பார்த்துக்கொள்ளும் மகளிர் குழுவுக்குச் சம்பளமாகப் போகட்டும். ஈரமானியும் அவர்கள் கையில் இருக்கட்டும். அளந்து எழுதிய சீட்டோடு மூட்டை வெளியேறினால், விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அந்தச் சீட்டுக்கு மதிப்புக் கொடுத்து, ஈரத்துக்கு ஒரு விலை உலர்ச்சிக்கு ஒரு விலை என்று ஏலம் கூற முடியும். ஆவியாய்ப் போகும் அந்த ஏழு கிலோவுக்கு ஈடு அங்கேதான் கிடைக்கவேண்டும். அது கிடையாதவரை நான் எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும் காயவைக்கமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை.

பதினான்கு நாள் விதியையும் திருத்த வேண்டும். வயலில் பரப்பிய பயிர் என்பதோடு, கிராமக் களத்தில் பதிவு செய்து வைத்த தானியம் என்பதையும் சேர்த்தால் போதும். எந்தக் குவியல் யாருடையது, எப்பொழுது வந்தது என்பதற்குக் களத்துப் பதிவே சாட்சி. பதிவு இல்லாத ரோட்டோரக் குவியலுக்கு ஈடு கொடுக்கக் கம்பெனி மறுப்பது எனக்கும் விளங்குகிறது. இப்போதைய விதிப்படியும், வயலில் காயும் பயிர் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். இதைப் பலர் அறியாமல் நாளைத் தவறவிடுகிறார்கள்.

சர்க்கார் அணா வரும்வரை காத்திராமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனையை இங்கே சொல்லிவிடுகிறேன். நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி, மூடியுள்ள உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குத் தானியம். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பார்க்கவும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் தானியத்தில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் உண்டு. இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாமல் அடியில் விழுந்தால் மூட்டை பிடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நிலக்கடலைக்கு இது போதாது. அதனைக் காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஓசை தரும்வரை காயவைக்க வேண்டும். பூசணம் கண்ட மணி, சுருங்கிய மணி, உடைந்த மணி ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தாலே நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். பொறுக்கியதை மாட்டுத் தொட்டியில் போடாமல் குழி தோண்டிப் புதைக்கவும். மனம் வராது என்பது எனக்குத் தெரியும்.

வருகிற மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை, நான் கிராமத்துக்கு வரும் நாட்களில் என்னுடைய சைக்கிள் பெட்டியில் ஓர் ஈரமானி இருக்கும். மக்காச்சோளம், சோளம், உளுந்து, வற்றல் எதுவானாலும் குவியலின் மேலிருந்து ஒரு கையும், நடுவிலிருந்து ஒரு கையும், அடியிலிருந்து ஒரு கையும் எடுத்து, தனித்தனித் தாளில் பொட்டலமாகக் கட்டி, எந்த இடத்துச் சரக்கு என்று எழுதிக் கொண்டுவரவேண்டும். மேலிருந்து மட்டும் கொண்டுவந்தால் அளவு சரியாக இராது.